34,500 ரூபாய்க்கு ஈசிஎம் மாற்றினார்களாம். போயிருந்தது ஒரு காயில்!

நேற்று மதியம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. இன்னும் சாப்பாடு இறங்கவில்லை. 34,500 ரூபாய். ஈசிஎம் என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், காயில் என்றால் பிளக்கில் ஸ்பார்க் வர மின்சாரம் கொடுக்கும் சின்னப் பாகம். கோவைப் பக்கம் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள், என்ன செய்யணும், செய்யக்கூடாது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

2015 மாடல் வண்டி, 82,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கும்போது உதற ஆரம்பித்தது. ஏசி போட்டால் இன்னும் மோசம். மிதித்தால் இழுவை இல்லை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. காலையில் எடுக்கும்போது ஒன்றும் இருக்காது. இருபது நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும் மிஸ்ஸிங் தொடங்கிவிடும். இதை ஒர்க்‌ஷாப்பில் மூன்று தடவை சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப் அது. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி பயமுறுத்துகிறான். ஓனர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் சொருகி லேப்டாப்பை என் பக்கமே திருப்பினார். "நீங்களே பாருங்க சார், உங்ககிட்ட மறைக்க எங்கிட்ட என்னங்க இருக்குது?" திரையில் சிவப்பாக பி0302 என்று ஒரு எரர் கோடு. செல்லில் படம் எடுத்துக்கொண்டேன். "ஈசிஎம் போயிடுச்சுங்க. வண்டியோட மூளையே அதுதான். இப்படியே ஓட்டுனா இன்ஜின் காலி."

அந்த லேப்டாப்தான் என்னைக் கவிழ்த்தது. கரி பிடித்த கையோடு ஒருவர் வந்து அதையே சொல்லியிருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பேன். மெஷினே சொல்கிறதே என்று நம்பிவிட்டேன். 20,000 யூபிஐயில், அதுவும் வேறு யாரோ ஒரு பெயருக்கு. மீதி 14,500 டெலிவரி அன்று ரொக்கமாக. "பில்லு போட்டா வரி சேருமுங்க, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். நானும் தலையாட்டினேன். ஆக மொத்தம் 34,500, கையில் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு.

இரண்டு நாள் வண்டி பட்டுப் போல ஓடியது. மூன்றாம் நாள் கருமத்தம்பட்டி தாண்டியதும் பழையபடி உதறல்.

போன் செய்தேன். முதலில், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், பங்கை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினேன். அப்புறம் இன்ஜெக்டர் சர்வீஸ் பண்ணணும், 6,000 ஆகும் என்றார்கள். மாற்றிய ஈசிஎம்முக்கு வாரண்டி இல்லையா என்றால், "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு யாருமே தர மாட்டாங்க சார்." சரி, கழற்றிய பழையதையாவது கொடுங்கள் என்றேன். அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். கடைசியாக, ஓனர் மாலை போட்டுச் சபரிமலை போயிருக்கிறார், வந்ததும் பேசுவார். எத்தனை நாளாக மலையிலேயே இருக்கிறார் என்று ஐயப்பனுக்குத்தான் வெளிச்சம்.

நேற்று சிங்காநல்லூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவரிடம் இருந்தது உள்ளங்கை அளவு ஸ்கேனர். நான் எடுத்த படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அவ்வளவுதான். எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லும், ஏன் எரியவில்லை என்று சொல்லாது. பிளக்காக இருக்கலாம், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன், எதுவாகவும் இருக்கலாம். ஈசிஎம் தன்னையே குறை சொன்னால் பெரும்பாலும் பி06 என்று தொடங்குகிற எரர் கோடு வருமாம்.

அப்புறம் அவர் செய்ததைப் பாருங்கள். 10-ம் நம்பர் டி ஸ்பேனரை எடுத்து, இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டில் போட்டார். எரர் கோடை அழித்துவிட்டு இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டார். உதறியது. ஸ்கேனரில் பி0303! கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. சில காயில்கள் குளிர்ச்சியில் வேலை செய்யும், சூடேறினால்தான் உள்ளே ஸ்பார்க் கசியும் என்றார். நான் மூன்று தடவை சொன்னது இதைத்தானே? புது காயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். பில்லோடு.

வயிறு எரிந்தது அதற்கப்புறம். ஈசிஎம்மைக் காட்டினார். போல்ட்டுகளில் பல வருஷத்துத் தூசி அப்படியே படிந்திருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வேறு ஈசிஎம் போட்டால் இம்மொபிலைசருக்காக, அதாவது வேறு சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் திருட்டுப் பூட்டுக்காக, சாவிகளை மறுபடி பதிய வேண்டியிருக்கும். என்னுடைய ஸ்பேர் சாவி இத்தனை நாளும் வீட்டு ஆணியில்தான் தொங்கியது, நேற்று அதைப் போட்டேன், ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், பழைய டேட்டாவைக் காப்பி பண்ணிட்டோம் என்கிறான் அங்கே வேலை செய்யும் பையன். அப்படிச் செய்ய முடியுமாம்தான். ஆனால் தூசியையுமா காப்பி பண்ணினார்கள்? வெறும் எரர் கோடை அழித்ததற்கு 34,500!

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ஈசிஎம் என்ற வார்த்தையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். காயிலை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பைசா செலவில்லை. கழற்றிய பொருளை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்தேன். 20,000-க்கு யூபிஐ ஆதாரம் இருக்கிறது, 14,500-க்கு அந்தத் துண்டுச்சீட்டுதான். நாளைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரில் போகிறேன், மலையிலிருந்து இறங்கிவிட்டாரா என்று பார்க்க.