பத்து லட்சத்துக்குப் பாலிசி, வாரத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை

தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகில் போகும் ஒருவருக்கு வலையை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றி, இடது முன்கையில் இரண்டு எலும்பும் உடைந்தது. பிளேட் வைத்து நான்கு மாதம் வீட்டில் இருந்தார். “அடிபட்டுப் படுத்தா வாரம் ஐயாயிரம் வரும்ணே” என்று சொல்லி விற்ற பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அவரிடம் இருந்தது. வந்த தொகை பூஜ்யம்.

காரணம் பாலிசி அட்டவணையிலேயே இருக்கிறது. மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம் மூன்றுக்கும் எதிரே தொகை போட்டிருக்கிறது. வாரப் பணம் வருவது ‘தற்காலிக முழு ஊனம்’ என்ற வரியில். அதற்கு எதிரே ‘இல்லை’. கை கூடிவிட்டது, அதனால் நிரந்தர ஊனமும் ஆகாது. இன்னொரு கோளாறு: தொழில் கட்டத்தில் ஏஜென்ட் ‘சிறு வியாபாரம்’ என்று நிரப்பியிருக்கிறார். கடல் தொழில் என்றால் பிரீமியம் கூடும், அதற்காகத்தான். விரலே போயிருந்தாலும் அந்தப் பொய்யைக் காட்டியே கம்பெனி கிளைமை மறுக்க இடம் உண்டு.

பாலிசி விற்க வருகிறவர் மொத்தத் தொகையைத்தான் சொல்வார். அடுப்பு எரிவது வாரப் பணத்தில். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விற்கும் ‘சரல் சுரக்ஷா பீமா’வில்கூட வாரப் பணம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய விருப்பப் பிரிவு. விகிதம் பாலிசித் தொகையில் வாரத்துக்கு 0.2 சதவீதம். ஐந்து லட்சம் எடுத்தால் ஆயிரம் ரூபாய். வேறு சில பாலிசிகளில் 1 சதவீதம்கூட உண்டு, ஆனால் உச்சவரம்பு போட்டிருப்பார்கள். இவையெல்லாம் விபத்துக்கு மட்டும். மஞ்சள் காமாலையிலோ முதுகுத்தண்டு வலியிலோ படுத்தால் ஒன்றும் கிடையாது.

உங்கள் தேவையை நீங்களே போடுங்கள். அரிசி, மளிகை, வாடகை, கரண்ட், பள்ளி வேன், குழுக் கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 16,000 என்று வையுங்கள். கருவாடு, பாசி வேலையில் வீட்டம்மா கொண்டுவருவது 5,000. குறைவது 11,000. பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வாரம் சுமார் 2,540 ரூபாய். 0.2 சதவீதப் பாலிசியில் இதற்கு 12.7 லட்சத்துக்கு எடுக்க வேண்டும். 1 சதவீதத்தில் 2.54 லட்சம் போதும். ஒரே வாரப் பணம்தான், பாலிசித் தொகை ஐந்து மடங்கு மாறுகிறது.

வருமானக் கணக்கிலும் ஏமாற்று நடக்கிறது. பாலிசி விற்பவர்கள் ஒரு நாள் மீன்பாட்டில் கிடைக்கும் பங்குப் பணத்தை முப்பதால் பெருக்கிக் காட்டுவார்கள். ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகு போவது திங்கள், புதன், சனி. ஆண்டுக்கு 156 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையில் 26 நாள் போய்விடும். மீதி 130. புயல் எச்சரிக்கை, ஸ்ட்ரைக் போக இன்னும் குறையும். கிளைம் நேரத்தில் கம்பெனி வருமானச் சான்று கேட்டால் பங்குப் பணத்துக்கு ரசீது எங்கே இருக்கிறது? பங்குப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள்.

கை கால் நிரந்தரமாகப் போனால் கணக்கு வேறு. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்ஷா பீமா முழு ஊனத்துக்கு 2 லட்சம் தரும். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு காலுக்கு 1 லட்சம். விரல் போனால் இல்லை, வாரப் பணமும் இல்லை. மீனவர்களுக்கு அரசே பிரீமியம் கட்டும் குழு விபத்துக் காப்பீட்டில் முழு ஊனத்துக்கு 5 லட்சம், பகுதிக்கு 2.5 லட்சம். இரண்டு திட்டத்திலும் முழு ஊனத்துக்குக் கிடைப்பதைச் சேர்த்த 7 லட்சம், மேலே சொன்ன 11,000 பற்றாக்குறைக்கு ஐந்தேகால் வருடம் வரும். 38 வயதுக்காரருக்கு அறுபது வரை இன்னும் 22 வருடம் இருக்கிறது. தனியாக எடுக்கும் பாலிசி இந்த இடைவெளிக்குத்தான். முதலில் இந்த இரண்டிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ‘படகில், வின்ச் கயிறு’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘கீழே விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. கடலுக்குப் போக அன்று வாங்கிய மீன்வளத்துறை டோக்கனை போட்டோ எடுத்து வையுங்கள். கடலில் இருந்ததற்கு அதுதான் சாட்சி.

ஆண்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் தொழில் கட்டம், வாரப் பணம் இரண்டையும் பாருங்கள். தப்பாக இருந்தால் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். கிளைம் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.