கவுன்ட்டருக்கு வெளியே நின்று வாங்கிய ஷெங்கன் விசா

31 வருடம் வங்கி கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவள் நான். “தேதி ஒத்துப்போகலையே, சரி பண்ணிட்டு வாங்க” என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. 2025 பிப்ரவரியில் அதே வாசகத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டேன். நியாயம்தான் என்று தோன்றியது.

ஓய்வு பெற்றதும் நானும் வீட்டுக்காரரும் ஐரோப்பா போவது என்று ரொம்ப நாளாகவே பேச்சு. பாரிஸில் 3 இரவு, சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் ஊரில் 4 இரவு, அங்கிருந்து வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் என்று இத்தாலியில் 6 இரவு. மூன்று நாட்டுக்கும் ஒரே விசா போதும், அதுதான் ஷெங்கன். மொத்தம் 29 நாடுகள். அயர்லாந்தும் சைப்ரஸும் அதில் கிடையாது, பிரிட்டனுக்குத் தனி விசா. ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் நாட்டில் மொசெல் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கேதான் கையெழுத்துப் போட்டன, அதுவும் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில். எல்லையில் யாரும் யாரையும் நிறுத்தக்கூடாது என்பதற்காகப் போட்ட கையெழுத்து. அந்த வட்டத்துக்குள் நாம் நுழைய எத்தனை காகிதம் வேண்டும் என்பது வேறு கதை.

முதலில் ஒரு ஏஜென்ட்டிடம் போனோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. நல்ல குளிர்சாதன அறை, சுவர் முழுக்க ஈஃபில் கோபுரம். “பாரிஸ்லதானே முதல்ல இறங்குறீங்க, அப்போ பிரான்ஸ்லதான் மேடம் போடணும்” என்றார். தப்பு. பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கு சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு இத்தாலி. இதைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிற வேறு ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, “ஹோட்டலை அங்க அதிக நாளா காட்டிடலாம், விசா வந்ததும் கேன்சல் பண்ணிக்கலாம்” என்றார். அதையும் தாண்டி, கணக்கில் ஒரு பெரிய தொகையைப் போட்டு வைத்தால் ‘ஸ்ட்ராங்காக’ இருக்கும் என்று ஒரு யோசனை.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடன் விண்ணப்பங்களோடு வரும் ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்தே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. மாதாமாதம் சம்பளம் வரும், மளிகைக்குப் போகும், கரண்ட் பில்லுக்குப் போகும், மிச்சம் கொஞ்சம் நிற்கும். அப்படி ஒழுங்காக ஏறி இறங்கும் பக்கத்தில், விண்ணப்பம் கொடுப்பதற்கு நாலு நாள் முன்னால் ஒரு பெரிய தொகை தொப்பென்று வந்து விழுந்திருக்கும். கண் நேராக அங்கேதான் போகும். பார்க்கிறவர் தூதரகத்தில் இருந்தாலும் வங்கியில் இருந்தாலும் கண் ஒன்றுதான். எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாத பணம், இல்லாத பணத்தைவிட மோசம். எங்கள் கணக்கில் பென்ஷன் வருகிறது, வைப்பு நிதி இருக்கிறது. அதை அப்படியே காட்டினோம். ஏஜென்ட்டுக்கு என் மதிப்பெண் பூஜ்யம். பொய்க் காகிதம் பிடிபட்டால் மறுப்பு மட்டும் கிடைப்பதில்லை, அந்த மறுப்பு எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கக்கூடிய பொதுத் தகவல் தளத்தில் 5 வருடம் உட்கார்ந்திருக்கும். ஏஜென்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஆக, நாங்களே விண்ணப்பித்தோம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். அந்தக் கடைசி 15 நாளை நம்பி யாரும் இருக்க வேண்டாம். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். நாங்கள் மே 6 கிளம்புவதற்குப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டோம்.

விண்ணப்பப் படிவம் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. முதல் கட்டம் குடும்பப் பெயர், இரண்டாவது கட்டம் பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது இவர் பெயர், கல்யாணத்துக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது அப்பா பெயர். என்றைக்கோ விட்டுப்போன அப்பா பெயரை அந்த இரண்டாவது கட்டத்தில் மறுபடி எழுதினேன். பெயர் விஷயத்தில் ஒரே வழி, பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படி. ஆதாரமில்லாமல் ஓர் இனிஷியலைக்கூட விரித்து எழுத வேண்டாம்.

பாஸ்போர்ட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு முன்பதிவைக் காட்டினால் போதும், விசா கைக்கு வருவதற்கு முன் முழுப் பணம் கட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம். ஹோட்டல்களையும் ரத்து செய்யக்கூடிய வகையில் எடுத்தோம், ஆனால் நிஜமாகவே தங்கப்போகிற ஹோட்டல்களை.

எல்லாவற்றையும் விட நான் அதிக நேரம் செலவழித்தது ஒரே ஒரு பக்கத்தில். தேதி, ஊர், ஹோட்டல், அடுத்த ஊருக்கு எந்த ரயில் என்று ஒரு அட்டவணை. ஃபைலைப் படிக்கிறவருக்கு நம் முகம் தெரியாது, அவரிடம் இருப்பது சில நிமிடங்கள். அவர் மனதில் ஓடும் கேள்வி நான் கடன் கொடுக்கும்போது கேட்டுக்கொண்ட கேள்விதான்: இது திரும்பி வருமா? அதற்குப் பதில் சொல்லும் காகிதம் மேலே இருக்க வேண்டும். நாற்பது பக்க ஃபைலில் முப்பத்தெட்டாவது பக்கத்தில் அதைப் புதைக்கக்கூடாது.

சரி, விண்ணப்ப மையத்துக்கு வருவோம். இதை நடத்துவது தூதரகம் அல்ல, தூதரகத்துக்காகக் காகிதம் வாங்கி அனுப்பும் தனியார் நிறுவனம். விசா கொடுப்பதா வேண்டாமா என்பதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் கிடையாது. இது தெரியாமல் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் அங்கிருந்த காவலாளியிடம் தன் மகனுக்கு விசா கிடைக்குமா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூன் 11க்கு முன்பு 80 ஆக இருந்தது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. நாம் கட்டுவது விசாவுக்கு அல்ல, ஃபைலைப் பார்ப்பதற்கு.

டோக்கன் வாங்கி உட்கார்ந்ததுமே வியாபாரம் ஆரம்பித்துவிட்டது. லவுஞ்ச் வேண்டுமா, எஸ்.எம்.எஸ். வேண்டுமா, படிவம் நிரப்ப உதவி வேண்டுமா, கூரியர் வேண்டுமா. லவுஞ்ச் என்பது சோபா, காபி, கொஞ்சம் சின்ன வரிசை. முடிவில் ஒரு துளிகூட மாற்றம் வராது. எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கும் உதவாது, ஃபைல் நிலவரத்தை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கூரியர் மட்டும் எடுத்தோம், இவருக்கு முட்டி வலி, இன்னொரு தடவை அலைய முடியாது.

கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். காகிதங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிப் பார்த்தாள். மருத்துவக் காப்பீட்டில் வந்து விரல் நின்றது. குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுவதும், இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. “மேடம், இன்ஷூரன்ஸ் 18ஆம் தேதியோட முடியுது. நீங்க கிளம்புறது 19.” நான் 13 இரவு என்று கணக்குப் போட்டு 13 நாளுக்கு பாலிசி எடுத்திருக்கிறேன். ஷெங்கன் கணக்கில் நுழையும் நாளும் நாள், கிளம்பும் நாளும் நாள். மொத்தம் 14. ஒரு நாள் வித்தியாசத்துக்காக எத்தனை பேரை நான் வெயிலில் திருப்பி அனுப்பியிருப்பேன்! இவர் பக்கத்தில் நின்று மெதுவாக, “சரி பண்ணிட்டு வாங்க மேடம்” என்றார். அந்தப் பெண்ணுக்கு ஏன் இவர் சிரிக்கிறார் என்று புரியவில்லை. போனிலேயே பாலிசியைத் திருத்தி, அச்செடுத்துக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அச்செடுக்கும் இடம் அங்கேயே இருந்தது, ஒரு பக்கத்துக்கு அவர்கள் வாங்கும் காசைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் டோக்கனை ரத்து செய்யாமல் எங்களுக்காக அந்தப் பெண் வைத்திருந்தாள். மையத்துக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன் என்றால், அந்த மூன்றும் அவளுக்குத்தான்.

அப்புறம் கைரேகை. பத்து விரலும். நாலு விரலைச் சேர்த்துப் பச்சை வெளிச்சத்தின் மேல் வைத்தேன். சிவப்பு வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. நோட்டு எண்ணி எண்ணி என் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை பாதி தேய்ந்திருக்கிறது, அது அதுவரை எனக்கே தெரியாது. ரேகை எடுத்த பையன் ஈரத் துணி கொடுத்தான், துடைத்தேன். “கொஞ்சம் அழுத்துங்கம்மா” என்று மேலிருந்து என் விரல்களைத் தானே அழுத்தினான். ஐந்தாவது தடவை பச்சை. இந்த ரேகை 59 மாதம் செல்லும், அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பொதுவாகப் புதிதாகக் கேட்க மாட்டார்கள்.

பன்னிரண்டாவது நாள் பாஸ்போர்ட் வந்தது. உறையைப் பிரித்ததும் எல்லோரும் ஸ்டிக்கரைப் படம் எடுக்கிறார்கள். அதற்கு முன் படியுங்கள். எங்களுடையதில் ‘முதல்’ என்ற இடத்தில் 2025 மே 6, ‘வரை’ என்ற இடத்தில் ஜூன் 3. இவர் உடனே, ஜூன் 3 வரை இருக்கலாம் போல, டிக்கெட்டைத் தள்ளிப் போடலாமா என்றார். அதுதான் கிடையாது. அதே ஸ்டிக்கரில் தங்கும் நாள் என்ற இடத்தில் 14 என்று இருக்கிறது. ‘வரை’ தேதியில் பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று 15 நாள் கூடுதலாகச் சேர்த்துத் தருகிறார்கள், இருக்கக்கூடியது 14 நாள்தான். நுழைவு என்ற இடத்தில் 01. அதாவது ஒரு தடவை வெளியே போனால் முடிந்தது, நடுவில் லண்டனை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம் என்ற ஆசையெல்லாம் வேண்டாம். பெயரிலோ பாஸ்போர்ட் எண்ணிலோ ஓர் எழுத்து தவறியிருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

விசா என்பது உள்ளே விடுவதற்கான உத்தரவாதம் இல்லை என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லையில் இருப்பவர் ஹோட்டல், பணம், திரும்பும் டிக்கெட் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் முழு ஃபைலையும் கைப்பையிலேயே வைத்திருந்தேன், பெட்டிக்குள் போடவில்லை. பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் அந்த அதிகாரி ஸ்டிக்கரைப் பார்த்து, இத்தாலி விசா வைத்துக்கொண்டு இங்கே ஏன் இறங்குகிறீர்கள் என்றார். அந்த ஒரு பக்க அட்டவணையை நீட்டினேன். இத்தாலிக்கு நேரே இருந்த ஆறு வரிகளை விரலால் எண்ணினார், தலையாட்டினார், முத்திரை குத்தினார். மிச்ச ஃபைலை அவர் தொடக்கூட இல்லை.

இனிமேல் போகிறவர்களுக்கு அந்த முத்திரைச் சத்தம் இருக்காது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிகிறார்கள், முகத்தைப் படம் எடுக்கிறார்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை இனி கணினியே எண்ணிவிடும்.

என் கைரேகை 2030 ஜனவரி வரை செல்லும். பாரிஸில் மூன்று நாளும் மழை, ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் இன்னொரு தடவை போய்விட வேண்டும் என்கிறார் இவர். இன்ஷூரன்ஸை இந்தத் தடவை அவரே எடுக்கிறாராம்.