தேய்ந்த டர்போ: கார்ட்ரிட்ஜ் போதுமா, முழு டர்போ வேண்டுமா?

டீசல் வேன் மலைப்பாதையில் பிக்கப் இழந்து கரும்புகை தள்ளினால், டர்போ (கழிவு வாயுவின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) போய்விட்டது என்ற தீர்ப்பு பட்டறையில் உடனே வந்துவிடும். ஆனால் கரும்புகை காற்றுப் பற்றாக்குறையின் அடையாளம். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு வெடிப்போ, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் வேக்குவம் குழாயில் ஒரு கசிவோ இருந்தாலும் அது வரும். நீலப்புகையும் ஆயில் குறைவதும் சேர்ந்து தெரிந்தால்தான் டர்போவின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

என்ஜின் ஆறிய பிறகு காற்று ஹோஸைக் கழற்றி, டர்போவின் ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பேரிங் ஆயில் படலத்தின் மீது மிதக்கும் அமைப்பு என்பதால் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பே. உள்ளும் வெளியுமாக நகர்வது கைக்குத் தெரிந்தாலோ, பிளேடு ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ தேய்மானம் உறுதி. குழாயின் உட்புறத்தில் இலேசான ஆயில் ஈரம் இருப்பது மட்டும் சான்றாகாது. அது பிரீத்தர் (என்ஜினுள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாகவும் வருவதுண்டு.

பேரிங் கிட் மட்டும் வாங்கி உள்ளூரில் மாற்றுவதே செலவு குறைந்த வழி என்றாலும், நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் பூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேலன்ஸ் செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜ் (ஷாஃப்ட், பேரிங், சக்கரங்கள் சேர்ந்த நடுப்பகுதி), மிகுதி வாயுவை வால்வு வழியே விலக்கும் வேஸ்ட்கேட் வகை டர்போவில் ஹவுசிங்குகள் பழுதின்றி இருந்தால், முழு டர்போவுக்கு ஏறத்தாழ நிகரான பலனைக் குறைந்த செலவில் தரும். கோணம் மாறும் இதழ்கள் கொண்ட விஜிடி வகையில் கதை வேறு: அங்கே கரி படிந்து இதழ்கள் சிக்குவதே பாதி நோய், கார்ட்ரிட்ஜை மாற்றினால் அது தீராது. பிரித்துப் பூட்டும்போது இதழ்கள் நகரும் எல்லையை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூ அசைந்துவிட்டால், காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். ஆகவே விஜிடிக்கு, அவ்வாறு சோதிக்கப்பட்ட ரீகண்டிஷன் டர்போ அல்லது புதியது என்பதே என் தேர்வு. உடைப்புக் கடையில் கிடைக்கும் பழைய டர்போவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் முந்தைய வண்டி ஆயில் மாற்றிய இலட்சணம் நமக்குத் தெரியாது.

எதை வாங்கினாலும், பழையது ஏன் தேய்ந்தது என்று பார்க்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். கரி அடைத்த ஆயில் ஃபீட் குழாயைச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே மேல். ஆயில் திரும்பும் குழாய் அடைப்பின்றி இருக்க வேண்டும். கேஸ்கெட்டில் பூசும் பேஸ்ட் உள்ளே பிதுங்கி ஆயில் துவாரத்தை அடைப்பதுண்டு என்பதால் அங்கே பேஸ்ட் வேண்டாம். இன்டர்கூலரில் தேங்கிய பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட வேண்டும்; இல்லையெனில் என்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும். ஆயிலும் ஃபில்டரும் புதிதாக்கி, டர்போவின் ஆயில் துவாரத்தில் சிறிது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆகாமல் சில நொடிகள் கிராங்க் செய்த பிறகே என்ஜினை ஓடவிட்டு, சில நிமிடங்கள் ஐடிலிலேயே வைத்திருக்க வேண்டும்.