‘ரேஞ்சுல சுட்டுப் பாத்தது’ என்று கைமாறும் 12 போர் தோட்டா: வாங்கிவிடாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. எல்.ஜி. (பெரிய விலங்குக்கான பெரிய ரவைத் தோட்டா) என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து, பெட்டிக்கு 25 தோட்டா வீதம் ஒரு சரக்கு சுற்றுகிறது. கம்பெனித் தோட்டா இல்லை. ஒருமுறை சுட்டுப் போட்ட காலி உறையில் கையால் வெடிமருந்தும் ஈய ரவையும் நிரப்பி, வாயை மடித்து விற்கிறார்கள்.

கேரளத்தில் 2022 மே மாதம் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். அலமாரியில் கிடந்த பழைய இரட்டைக்குழல்கள் எண்ணெய் போட்டு வெளியே வந்துவிட்டன. தோட்டா அதே வேகத்தில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

விற்றவர் துப்பாக்கி ரிப்பேர் என்று தோட்டம் தோட்டமாக வருகிறவர். அவர் பேச்சு இதுதான்: “ஃபாக்டரி மாலுங்ணா. அஞ்சு ரவுண்டு ரேஞ்சுல சுட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்திருக்கோம். புக்குல ஏத்தோணும்னு இல்லீங்.” வாங்கியவர் பெட்டியில் முதல் இரண்டு தோட்டாவும் ஒழுங்காக வெடித்தன. மூன்றாவது ‘புஸ்’ என்றது. உதை இல்லை, சத்தமும் இல்லை. அதோடு நிறுத்தியதால் குழல் பிழைத்தது. வாட், அதாவது மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு, பாதிக் குழலில் சிக்கிக் கிடந்தது. பின்னாலேயே இன்னொன்றைப் போட்டிருந்தால் குழல் உப்பியிருக்கும், கிழிந்தும் இருக்கலாம். இடது கை இருப்பது அங்கேதான்.

‘சுட்டுப் பார்த்தது’ என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்பெனியில் ஒரே மருந்து, ஒரே கேப் (ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைப்பது), ஒரே வாட் போட்டு இயந்திரம் நிரப்புவதால்தான் அந்த லாட்டில், அதாவது ஒரே தவணையில் நிரப்பியதில், சிலதைச் சுட்டு மீதிக்கு உறுதி சொல்ல முடிகிறது. அங்கேயும் அழுத்தத்தை அளக்கத் தனிச் சோதனைக் குழல் உண்டு. கையால் நிரப்பிய பெட்டியில் ஒவ்வொரு தோட்டாவும் தனி லாட். ஐந்து நன்றாகச் சுட்டது என்பதை வைத்து ஆறாவதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், தெரிவது ரவை பரவும் விதம். குரோனோகிராஃப் இருந்தால் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் தெரியும். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டுச் சுட்டால் ஃபுல் சோக் குழல் (முனை நன்றாகக் குறுகியது) ஏறக்குறைய 70 சதவீத ரவையை உள்ளே போட வேண்டும், சோக் இல்லாத குழல் 40 சதவீதம். அது அழகாக வந்தாலும் தோட்டா உட்காரும் அறையில் அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று சுட்ட அட்டை சொல்லாது. ரைஃபிளில் கேப் தட்டையாவது, போல்ட் இறுகுவது என்று சில அறிகுறிகளாவது உண்டு. 12 போரில் கேப்பைப் பார்த்து அழுத்தம் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அந்தப் பெட்டியில் மீதி இருந்தவற்றை வெட்டாமல், வெளியில் பார்த்தே தெரிந்தவை இவை.

அச்சு. பெட்டியில் எல்.ஜி., உறையில் தின்னர் போட்டுத் துடைத்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடியில் ‘24 கிராம்’ என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அது களிமண் தட்டு சுடும் டிராப் போட்டிக்கான பொடி ரவைத் தோட்டா. ரேஞ்சுகளில் காலி உறையாகக் கிடப்பது.

பித்தளைத் தலை. விளிம்பில் எக்ஸ்டிராக்டர் (காலி உறையை வெளியே இழுக்கும் கொக்கி) இழுத்த கீறல் இருந்தது. புதுத் தோட்டாவில் அதற்கு வேலையே இல்லை. காந்தம் ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வது தப்பு. கம்பெனிகளே இரும்புத் தலைக்குப் பித்தளை முலாம் போடுகிறார்கள்.

கேப். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கேப்பின் முகம் தலையின் முகத்தோடு சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டக் கூடாது. இந்தப் பெட்டியில் பல தோட்டாக்களில் தட்டியது. கேப் வெளியே துருத்தியிருந்தால் குழலை மடக்கி மூடும்போதே வெடிக்கலாம். ஒருமுறை வெடித்த உறையில் கேப் குழி அகன்றுபோயிருக்கும். புதுக் கேப் இறுகிப் பிடிக்காமல் பின்வாங்கும், வாயு சுடும் ஊசியின் துளை வழியாகக் கண்ணை நோக்கி வரும்.

வாய் மடிப்பு. நட்சத்திர மடிப்பில் 6 அல்லது 8 மடிப்பு கூராக இருக்க வேண்டும். இதில் நசுங்கிக் கிடந்தது. நடுவில் மெழுகு. மெழுகு உள்ளே இறங்கி ரவையை ஒட்டினால் அது சிதறாமல் ஒரே கட்டியாகப் போகும். சோக் உள்ள குழலுக்குக் கெடுதல். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருந்தால் அதைவிடக் கெடுதல்.

நீளம். உறையின் அளவு என்பது சுட்ட பிறகு விரிந்து நிற்கும் நீளம். 70 மில்லிமீட்டர் உறை மடித்த நிலையில் 65 மில்லிமீட்டர் அறைக்குள் சுகமாக உட்காரும். வெடித்ததும் மடிப்பு விரிந்து, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தை அடைத்துவிடும், அழுத்தம் எகிறும். நம் வீடுகளில் இருக்கும் பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குல அறை, அதாவது 65 மில்லிமீட்டர். உறையில் அச்சை அழித்துவிட்டால் இதை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அச்சு அழிந்த தோட்டாவை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள் என்பது இதனால்தான்.

நகைக்கடைத் தராசில் எடை போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். பாதிதான் உதவும். தோட்டாவுக்குத் தோட்டா இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் வந்தால் கை நிரப்பியது என்று தெரிந்துவிடும். எடை ஒத்துப்போனால் நல்லது என்று ஆகாது. மருந்தின் எடையே சுமார் ஒன்றரை கிராம்தான். அது விழவே இல்லையென்றாலும் இரட்டிப்பாக விழுந்தாலும், ஒரு ரவை கூடக் குறைய இருப்பதில் மறைந்துவிடும். பழைய கருமருந்து அளவுக் கரண்டியால் புகையில்லா மருந்தை அள்ளிப் போடுவதும், பட்டாசு மருந்தைக் கலப்பதும் இந்தக் கைகளில் நடக்கிற காரியம். குழலைக் கிழிக்கிற ரகம் அது.

மழைக்காலத்தில் காகித உறை ஈரம் குடித்து உப்பும். அது கம்பெனித் தோட்டாவுக்கும் நேரும், அதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அறையில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் குழலைக் கழற்றித் தனியாகப் பிடித்துப் போட்டுப் பாருங்கள். பூட்டிய துப்பாக்கியில் வேண்டாம். தோட்டா தன் எடையில் இறங்க வேண்டும், கவிழ்த்தால் தானே விழ வேண்டும். கலப்படப் பெட்டியில் 20 போர், அதாவது 12 போரைவிட மெலிந்த தோட்டா, ஏதும் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலில் நின்றுகொள்ளும். அறை காலி என்று நினைத்துப் பின்னால் 12 போட்டால் குழல் வெடிக்கும்.

.315 ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். குண்டின் மூக்கை மரக்கட்டையில் கையால் அழுத்தினால் உள்ளே போகிறதா, உறையின் அடிப்பாகத்தில் பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அந்த வளையம் உள்ள இடத்தில்தான் உறை இரண்டாக அறும்.

சட்டம் பற்றி. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவும் விற்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். காலி உறையில் நிரப்பி விற்பது தயாரிப்புதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டில் ஆரம்பித்து ஆயுள் வரை போகிறது. லைசென்ஸ் புத்தகத்தில் ஏறாத தோட்டாவை வைத்திருந்தால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும். ‘புக்குல ஏத்த வேண்டாம்’ என்று சலுகை மாதிரிச் சொல்வது விற்கிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. இன்னொன்று: கேரளத்துக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு தோட்டா வாங்க வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் துப்பாக்கியை எடுத்துப் போகாதீர்கள். புத்தகத்தில் எந்த எல்லை எழுதியிருக்கிறதோ அதுவரைக்கும்தான்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் கிணற்றில் போடாதீர்கள், பிரித்தும் பார்க்காதீர்கள். வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டு, பெட்டியோடு எழுத்து மூலமாக ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இரண்டு மூன்று சுட்டுவிட்டவர்கள் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். கறுத்த வளையம் போல நிழல் நின்றால் அங்கே உப்பல் இருக்கிறது, லைசென்ஸ் உள்ள கடையில் காட்டும்வரை சுடக் கூடாது. மலிவுக் கேப்பிலும் பட்டாசு மருந்திலும் இருக்கக்கூடிய குளோரேட் எரிந்ததும் உப்பாகப் படியும். எண்ணெய் அதைக் கரைக்காது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி விட்டு ஈரம் போக இழுத்து, அப்புறம் எண்ணெய் போடுங்கள். மறுநாளும் ஒருமுறை துணி விட்டுப் பாருங்கள்; துரு நிறம் ஒட்டினால் திரும்பக் கழுவ வேண்டும்.