கண்ணாடித் தூளை யாரு பொறுக்கினாங்க?

மூணு வார லீவில் ஊருக்குப் போய் வந்தேன். பேங்க் வேலை, சிம் கார்டு, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் நம்பமுடியாத அளவுக்கு நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லீவில் பாதியைத் தின்றது அத்தானின் காருடைய சன்ரூஃப் கண்ணாடி. புலம்பல் முழுக்க அதைப் பற்றித்தான்.

கார் என்னுடையதில்லை. அதுதான் முதல் தலைவலி. "பஸ்ஸுல எதுக்கு அலையுற, எடுத்துட்டுப் போ மாப்ளே" என்று சாவியைக் கையில் திணித்தவர் அத்தான். கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட வண்டி. முன்பாதி திறக்கும், பின்பாதி திறக்காது. நாலாம் நாள் நெடுஞ்சாலையில் போகும்போது தலைக்கு மேலே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன்னால் லாரி இல்லை, மேலே மரமும் இல்லை. டயர் போய்விட்டது என்று ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் நாலு டயரும் சௌக்கியம். கூரையின் முன்பாதி மட்டும் கல் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி மேலே புடைத்துக்கொண்டு நின்றது.

டெம்பர்ட் கண்ணாடியின் குணம் அப்படி. சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பதால் அதன் மேல்தோல் அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் காயம் போதும், மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். தயாரிப்பின்போது உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று மெல்லப் பெருத்து, வருஷங்கள் கழித்து வெடிக்க வைப்பதும் உண்டு. இதையெல்லாம் அத்தானிடம் போனில் விளக்கினேன். "சரி மாப்ளே, நீ ஏதும் பண்ணல" என்றார். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். உள்ளே இருந்த துணித்திரை மூடியிருந்தது, உடைந்த கண்ணாடியை அது தாங்கிக்கொண்டிருந்தது. சேதம் எவ்வளவு என்று பார்க்கலாமே என்று திரையைத் திறந்தேன். மடி, சட்டைப்பை, கியர் சந்து, சீட் இடுக்கு எங்கும் கண்ணாடி. யாருக்காவது இப்படி ஆனால் திரையைத் தொடாதீர்கள். வெளியே இருந்து கெட்டியான பிளாஸ்டிக் தாளைப் போட்டு, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் ஒட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள். பழுப்பு நிறப் பார்சல் டேப்பை வெயிலில் நிற்கிற கூரையில் ஒட்டினால் அதன் பிசினைச் சுரண்டவே தனியாக ஒரு நாள் வேண்டும். நான் ஒட்டியது அந்தப் பழுப்பு டேப்பைத்தான்.

நான் இருக்கிற நாட்டில் கார் கண்ணாடி உடைந்தால் போன் எடுத்த பெண் என் பேரைக் கேட்பதற்கு முன்பே சேஸிஸ் நம்பரைக் கேட்பாள், அதாவது வண்டிக்கு வண்டி மாறும் அடையாள எண்ணை. அப்புறம் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். எரிச்சலாக இருக்கும். ஊரில் அந்தப் பன்னிரண்டு கேள்வியையும் நாம்தான் கேட்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெரிய சர்வீஸ் சென்டர், ஏசி போட்ட வரவேற்பறை, கையில் டேப்லெட் வைத்திருக்கும் அட்வைசர் தம்பி. நான் கேட்டது இரண்டே கேள்வி: எவ்வளவு ஆகும், எப்போ கிடைக்கும்?

"முழு செட்டும் மாத்தணும் சார்" என்றான் தம்பி. செட் என்றால் கண்ணாடி, அது நகருகிற தண்டவாளம், மோட்டார், கேபிள், திரை எல்லாம் சேர்ந்த கேசட். அதை இறக்கக் கூரையின் உள்துணியை முழுசாகக் கழற்ற வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் எல்லாம் அந்த ஓரத்தில்தான் சுருண்டு கிடக்கிறது. நல்லவேளை, அத்தான் போனில் ஒரு வார்த்தை சொன்னார்: "கண்ணாடிக்குத் தனி பார்ட் நம்பர் இருக்கான்னு கேளு." கேட்டேன். ஸ்க்ரீனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கு சார்" என்றான், அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி. தண்டவாளம் வளையாமலும் மோட்டார் ஓடிக்கொண்டும் இருந்தால், அந்த வண்டியில் கண்ணாடியை மட்டும் மேலே இருந்தே கழற்றி மாட்டலாம். எல்லா வண்டியிலும் அப்படி இருக்காது. ஆனால் கேட்காமல் தெரியவும் வராது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் தம்பி உஷாராக இருந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு துண்டுகூட எடுக்கமாட்டேன் என்று நின்றான். கூரையையும் திரையையும் சீட்டையும் படம் பிடித்துக்கொண்டான். கண்ணாடிக்குக் க்ளைம் போட்டால் நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் போடாமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி, போகுமா என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, புன்னகைதான். அதைப் பாலிசி கொடுத்தவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. திரை கிழிந்திருந்தால் அதைக் கண்ணாடிக் கணக்கில் சேர்ப்பார்களா, துணிக் கணக்கிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கண்ணாடி வந்தது. வெளுப்பாக வந்தது. பின்பாதி கறுப்பு, முன்பாதி பச்சை சாயலில் வெளிறியது, அரைக்கண்ணில் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி. சேஸிஸ் நம்பரைப் போடாமல் மாடல் பேரை மட்டும் போட்டு ஆர்டர் செய்திருக்கிறார்கள். அதே மாடலில் நிறமும் வெப்பம் தடுக்கும் பூச்சும் தயாரித்த வருஷத்தைப் பொறுத்து மாறும். திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் "நாளைக்கு வாங்க சார்" நாலு முறை ஆகிவிட்டது. அந்த நாளைக்கு எந்த நாளைக்கு என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது கண்ணாடியை நான் விடவில்லை. பெட்டியைப் பிரித்ததும் மூலையில் பொறித்திருப்பதை மொபைல் வெளிச்சத்தில் படித்தேன். தயாரித்தவர் பெயர், டெம்பர்டா லேமினேட்டடா என்ற விவரம், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 43 ஆர். அந்த 43 ஐ.நா.வின் வாகனக் கண்ணாடி விதிமுறையின் எண். 'ஈ'க்குப் பக்கத்து எண், ஒப்புதல் கொடுத்த நாடு. 1 என்றால் ஜெர்மனி. கண்ணாடி அங்கே செய்தது என்று அர்த்தமில்லை. லேமினேட்டட் என்றால் இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும், உடைந்தாலும் தலையில் கொட்டாது. பழையது எந்த வகையோ அந்த வகையே வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வெளிநாட்டில் இப்படிப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்க விடமாட்டார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் வாடிக்கையாளர் நிற்கலாம். ஊரில் ஸ்டூலைப் போட்டு, "ஏறிப் பாருங்க சார்" என்றார்கள். இந்த ஒரு சுகத்துக்காகவே ஊருக்கு வரலாம்.

மாட்டினார்கள். முடிந்தது என்றார்கள். "24 மணி நேரம் வண்டியக் கழுவாதீங்க சார், பசை காயணும்." எந்தப் பசை? முன்பாதி இரண்டு பக்கமும் திருகாணி போட்டு முடுக்கியது. ஒட்டியிருப்பது திறக்காத பின்பாதிதான், அதைத் தொடவேயில்லை. ஒட்டுகிற கண்ணாடி என்றால், யூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பதைப் பசையின் பேரோடு கேட்டு வாங்க வேண்டும். திருகாணி என்றால் கேட்க வேண்டியது வேறு: உயரத்தைச் சரிபார்த்தீர்களா? கண்ணாடியின் முன் ஓரம் கூரையோடு சமமாகவோ ஒரு மயிரிழை கீழேயோ இருக்கணும், பின் ஓரம் சமமாகவோ ஒரு மயிரிழை மேலேயோ. மாறிப்போனால் எண்பதில் போகும்போது யாரோ தலைக்கு மேல் சங்கு ஊதுவார்கள். எனக்கு ஊதினார்கள்.

இன்னொன்று. மூடச் சொன்னால் முக்கால்வாசி மூடிவிட்டுத் திரும்பத் திறந்துகொண்டது. விரல் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறதாம். சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடித்து, ஒருமுறை முழுசாக ஓடவிட்டு, எல்லை எது என்று மோட்டாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். டெலிவரிக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. "வாட்டர் டெஸ்ட் பண்ணியாச்சா?" என்றேன். "பண்ணியாச்சு சார்." பண்ணியது வாட்டர் வாஷ் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து இரவெல்லாம் மழை. காலையில் அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பிரேக் பிடித்தேன். கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற ரூம் லைட் வழியாக ஒரு செம்புத் தண்ணீர் அக்கா மடியில் கொட்டியது. துளி இல்லை, கொட்டியது. கூரைத் துணிக்கு மேலே இரவு பூராவும் தேங்கி, பிரேக் போட்டதும் முன்னால் பாய்ந்திருக்கிறது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் சிக்னலைப் பார்த்தேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், "ரப்பர் செட்டாக டைம் எடுக்கும் சார்" என்றார்கள். அந்தப் பக்கமே போகப் பிடிக்காமல், அப்பாவின் ஸ்கூட்டரை ஒரு காலத்தில் பார்த்த பழைய மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அதே பெஞ்சு, அதே சாயாத முதுகுப்பலகை. கார் வேலை இப்போது அவர் மகன் பார்க்கிறான், ஆனால் வெளியே வந்து கூரையைத் தடவிப் பார்த்தவர் அவர்தான். தடவிவிட்டு ஒரே கேள்வி.

"உடைஞ்ச கண்ணாடித் தூளை யாரு பொறுக்கினாங்க தம்பி?"

சர்வேயர் கேட்கவில்லை, அட்வைசர் கேட்கவில்லை. வெளிநாட்டில் அந்தப் பெண்ணின் பன்னிரண்டு கேள்வியிலும் இது இருந்ததாக ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்து சீட்டை வாக்குவம் போட்டார்கள், அவ்வளவுதான்.

கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, சுற்றியிருக்கிற வாய்க்காலைக் காட்டினார். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுக்காதாம். கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் அந்த வாய்க்காலில் ஓடி, நாலு மூலையில் இருக்கிற ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, முன்தூண் இரண்டிலும் பின்தூண் இரண்டிலும் வழிந்து வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். ஓட்டை பென்சில் நுழைகிற அளவுதான். முன்பக்கம் இரண்டிலும் கண்ணாடித் தூள் நிரம்பியிருந்தது, தண்டவாளத்துப் பழைய கிரீஸோடு குழைந்து பர்பி மாதிரி.

நான் கம்ப்ரஸரைப் பார்த்தேன். "காத்து அடிச்சா அடியில குழாய் கழண்டுக்கும், அப்புறம் தண்ணி நேரா கார்பெட்டுக்குத்தான்" என்றார். கம்பியும் ஆகாது, குழாயைக் குத்திவிடும். புல் வெட்டுகிற மெஷினில் போடும் நைலான் நரம்பில் ரெண்டு முழம் வெட்டி, நுனியை லைட்டரில் காட்டி மழுக்கி, விரலால் உருட்டி உருட்டி உள்ளே விட்டார். முதலில் போகவில்லை. இழுத்தார், துணியில் துடைத்தார், மறுபடி விட்டார். மகன் கீழே படுத்துக்கொண்டு, "வரலப்பா, வரலப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கால்மணி நேரம் கழித்து அவன் நெற்றியில் ஒரு கண்ணாடிக் கடுகு விழுந்தது. "வந்துருச்சு."

பிறகு தண்டவாளத்தின் பழைய கிரீஸை முழுசாக வழித்தெடுத்துப் புதுசு தடவினார்கள். தூள் கலந்த கிரீஸ் கேபிளை அரம் போல அறுக்குமாம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளைத் தண்ணீரை நூல் மாதிரி மெதுவாக ஊற்றி, கீழே எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தார்கள். ஊற்றிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் இடையே நான் மூச்சு விடவில்லை. சங்கு ஊதுகிற விஷயத்தையும் சொன்னேன். திருகாணியைத் தளர்த்தி, விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பார்த்து முடுக்கினார். உயரம் அளக்கும் கேஜ் எதுவும் இல்லை. ஊதல் நின்றுவிட்டது.

சர்வீஸ் சென்டர் பில்லில் வேலைக்கு வாரண்டி என்று ஒரு வரி இருந்தது. ஒழுகலும் காற்றுச் சத்தமும் அதில் சேருமா என்று எழுதியிருக்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தானை அனுப்பி எழுதி வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டார். எனக்குக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைத்திருக்கிறது.

இங்கே வந்து மூணாவது நாள், அதிகாலையில் அத்தானிடமிருந்து ஒரு வீடியோ. விடாத மழை, வாசலில் நிற்கிற கார், குனிந்து எடுத்திருக்கிறார். முன்சக்கரம் இரண்டுக்குப் பக்கத்திலும் பின்னால் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் தாரையாக விழுந்துகொண்டிருக்கிறது. பின்னணியில் அவர் குரல்: "நாலு பக்கமும் ஒழுகுது மாப்ளே, உள்ள ஒரு சொட்டு இல்ல. அக்கா முன்சீட்லதான் உக்காந்திருக்கா."