வழிமறித்து நிற்கும் வண்டி: போன், சாவி, நியூட்ரல், போலீஸ் – எது கைகொடுக்கும்?

போன வருஷம் ஆடி மாதம். இரவு இரண்டே முக்கால் இருக்கும், அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மடிப்பாக்கத்தில் பதினெட்டு வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. கீழே தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங். அத்தையைக் கைத்தாங்கலாக லிஃப்டில் இறக்கிக்கொண்டு வந்தால், எங்கள் வண்டிக்கு முன்னால் குறுக்கே ஒரு வெள்ளை கார் நிற்கிறது. கண்ணாடியில் போன் நம்பர் இல்லை. "பத்து மணிக்கு வந்தாங்கம்மா, எந்த வீட்டுக்குன்னு சொல்லல" என்றார் வாட்ச்மேன் அண்ணன். என் கணவர் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினார். நான் அத்தையை வாட்ச்மேன் நாற்காலியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். மூன்றாவது மாடிக்கு விருந்தாளியாக வந்தவர் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து வண்டியை எடுத்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

அத்தை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினார். அந்த இருபத்தைந்து நிமிடம் மட்டும் என்னை விடவே இல்லை. சங்கத்தில் பார்க்கிங் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் வளாகத்துக்குள் ஒருவர் நம் வண்டியை அடைத்து நிறுத்திவிட்டால் என்னென்ன வழி உண்டு, எது எந்த நேரத்தில் பலிக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இப்போது போக வேண்டியது வண்டியா, ஆளா? அன்றைக்கு நாங்கள் செய்த தப்பு இதுதான். வண்டியை எடுத்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்று நினைத்துக்கொண்டோம். வெள்ளைக் காரைப் பார்த்த அந்த நொடியிலேயே 108-க்கு அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெருமுனையில் ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். ஒருவர் நோயாளியோடு கிளம்பலாம், இன்னொருவர் நின்று வண்டிக்காரரைத் தேடலாம். ரயிலுக்கோ விமானத்துக்கோ போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கால் டாக்ஸிக்கு ஆகும் ஐந்நூறு ரூபாய், தவறவிட்ட டிக்கெட்டைவிட மலிவு. கீழே நான் ஒப்பிடுகிற வழிகள் எல்லாம் ஆள் கிளம்பிய பிறகு, அல்லது அவசரம் இல்லாத நாளில், வண்டியை மட்டும் விடுவிப்பதற்கானவை.

உரிமையாளரைக் கண்டுபிடிப்பது

கண்ணாடியில் எழுதி வைத்த போன் நம்பரை மிஞ்சிய வழி இல்லை. செலவு ஒரு துண்டுக் காகிதம். ஆனால் எங்கள் கட்டடத்துப் பெண்கள் மூன்று பேர், "நம்பரை ஊருக்கெல்லாம் காட்டிட்டு நிறுத்த முடியாதுக்கா, கண்டவன் மெசேஜ் அனுப்பறான்" என்றார்கள். அவர்கள் சொல்வது முழுக்க நியாயம். அவர்களுக்குத்தான் க்யூஆர் ஸ்டிக்கர் பொருந்தும். ஸ்கேன் செய்தால் இரு பக்கமும் நம்பர் தெரியாமல் அழைப்பு இணையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதில் சிக்கல் இரண்டு. ஸ்கேன் செய்கிறவர் போனில் இணையம் வேண்டும், அடித்தளப் பார்க்கிங்கில் பெரும்பாலும் சிக்னலே இருக்காது. வயதானவர்களுக்கு ஸ்கேன் செய்யும் பழக்கமும் குறைவு. ஆகவே எங்கள் கட்டடத்தில் கண்ணாடியில் வீட்டு எண் மட்டும் ஒட்டச் சொன்னோம். '3பி' என்றிருந்தால் வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டுவிடுவார். குடியிருப்பவர்களுக்கு இது போனைவிடவே நல்லது, ஏனென்றால் போன் சைலன்டில் கிடக்கும், இன்டர்காம் கத்தும்.

வண்டி எண்ணை வைத்து அரசின் எம்-பரிவாஹன் செயலியில் தேடலாமே என்று பலர் கேட்கிறார்கள். தேடலாம். வண்டியின் மாடல், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் வரும். உரிமையாளர் பெயர் மட்டும் பாதி நட்சத்திரக் குறியாக வரும், போன் நம்பர் வரவே வராது. தனிமனிதப் பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆகவே இந்த வேலைக்கு அந்தச் செயலியை நம்ப வேண்டாம்.

டயரை உதைத்து அலாரம் அடிக்கவைக்கும் பழைய உத்தியும் இப்போது அவ்வளவாகப் பலிப்பதில்லை. கம்பெனியிலேயே பொருத்தி வரும் அலாரம் பல வண்டிகளில் கதவையோ பானட்டையோ திறந்தால்தான் கத்தும், அதிர்வுக்குக் கத்தாது. நடு ராத்திரியில் ஹாரன் அடித்தால் அடைத்தவரைத் தவிர மற்ற பதினேழு வீடும் எழுந்துகொள்ளும்.

நியூட்ரலில் விடுவதா, சாவியைக் கொடுப்பதா?

உரிமையாளர் வராமலே வண்டி நகர வேண்டும் என்றால் நம் ஊரில் இரண்டு பழக்கம் உண்டு. கல்யாண மண்டபத்தில், தியேட்டரில், "ஹேண்ட் பிரேக் போடாதீங்க சார், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க" என்று சொல்வார்களே, அது ஒன்று. வாட்ச்மேனிடம் சாவி கொடுப்பது இன்னொன்று. எங்கள் ஸ்டில்ட்டில் நான்கு இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிற மாதிரி அமைந்தவை. வெளியே இருப்பவர் நகர்ந்தால்தான் உள்ளே இருப்பவர் போக முடியும். ஆகவே இந்த இரண்டையும் நாங்கள் பல மாதம் செய்தே பார்த்தோம்.

நியூட்ரலின் நல்ல பக்கம், யாரையும் எழுப்ப வேண்டாம். இரண்டு பேர் கைவைத்துத் தள்ளினால் வண்டி போகும். ஆனால் தரை சமமாக இருந்தால் மட்டும்தான். ஸ்டில்ட் தரைகளை மழைத்தண்ணீர் வெளியேற ஒரு பக்கம் சரித்துத்தான் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவே போதும், வண்டி தானாக ஊர்ந்து தூணில் முட்டும். டயருக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுக்காமல் நியூட்ரலில் விடவே கூடாது. செங்கல் நொறுங்கிவிடும். நாங்கள் ஒரு தச்சரிடம் சொல்லி முக்கோண மரக்கட்டைகள் செய்து வாங்கினோம்.

அடுத்தது, இந்தப் பழக்கம் பிறந்த காலத்தில் எல்லா வண்டியும் கியர் வண்டி. இப்போது ஆட்டோமேட்டிக் பெருகிவிட்டது. ஆட்டோமேட்டிக்கை 'பி' என்ற பார்க்கிங் நிலையில் வைத்துப் பூட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், தள்ளவே முடியாது. பல மாடல்களில் கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதை நெம்பி எடுத்து உள்ளே அழுத்தினால், எஞ்சினை அணைத்த பிறகும் 'என்'-னுக்கு, அதாவது நியூட்ரலுக்கு, நகர்த்தலாம். வண்டிக் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. பட்டன் ஸ்டார்ட்டும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கும் உள்ள புது வண்டிகள், மின்சார வண்டிகள் சில, எஞ்சினை அணைத்ததும் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு நியூட்ரல் ஏற்பாடு ஒத்துவராது. அடுத்தவர் வண்டியை மறித்து நிறுத்தும் முன் நம் வண்டி எந்த ரகம் என்று ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுவது நம் கடமை.

சாவிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எந்த வண்டியும் நகரும். ஆனால் நகர்த்துவது யார்? வாட்ச்மேனுக்கு கார் லைசென்ஸ் இல்லையென்றால் அவர் கையில் சாவியைக் கொடுப்பது அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இன்ஷூரன்ஸ் பணம் வராது. பழி முழுக்க அந்த ஏழை மனிதர் தலையில் விழும். வேறொரு கட்டடத்தில் அப்படி ஒருவருக்கு வேலையே போனதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கண்ட ஏற்பாடு வேறு. மாற்றுச் சாவிகள் ஒரு பூட்டுப் பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சொந்தக்காரர் ஒப்புக்கொண்ட, லைசென்ஸ் உள்ள இரண்டு அண்டைவீட்டார் பெயர் நோட்டில் எழுதியிருக்கும். எடுத்தால் கையெழுத்து போட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. பாக்கெட்டில் வைத்திருந்தாலே கதவு திறக்கும் ஸ்மார்ட் சாவிகளை வண்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. முதலில் பெட்டியை ஸ்டில்ட் தூணிலேயே மாட்டியிருந்தோம், தூணை ஒட்டி நின்ற காரைத் தொட்டாலே கதவு திறந்துகொண்டது. இப்போது பெட்டி வாசலறைக்குள் இருக்கிறது.

இரண்டில் எது என்று கேட்டால், குடியிருப்புக்குச் சாவிதான். தினமும் முகம் பார்ப்பவர்களுக்குள் அந்த நம்பிக்கை செல்லும். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி போன்ற முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்தில், தரை சமமாகவும் கியர் வண்டியாகவும் இருந்தால் நியூட்ரல்.

நாமே தூக்கி நகர்த்தலாமா?

நான்கு பேர் பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டி ஆட்டி நகர்த்தும் வித்தை மாருதி 800 காலத்துச் சமாசாரம். இன்றைய எஸ்யூவிகள் பல 1200 கிலோவைத் தாண்டுகின்றன. முதுகு பிடித்துக்கொள்ளும், பம்பர் கழன்று கையோடு வரும். சக்கரத்துக்கு அடியில் தள்ளும் உருளைத் தட்டுகள் சில ஒர்க்ஷாப்களில் உண்டு. வழவழப்பான தரையில் அருமையாக வேலை செய்யும், ஸ்டில்ட்டில் பதித்திருக்கும் பேவர் கல்லில் சிக்கிக்கொள்ளும். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டால் அது உயரம் குறைந்த ஸ்டில்ட்டுக்குள் நுழையாது. வெளியிலிருந்து கயிறு கட்டி இழுத்தால், கியரிலோ 'பி'-யிலோ பூட்டி நிற்கும் வண்டியின் கியர்பாக்ஸ் கெடும்.

செலவைவிடப் பெரிய விஷயம், சேதமானால் குற்றம் நம்முடையதாகிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 324-ஆம் பிரிவு வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவிப்பது பற்றியது. சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது அது. நம்மை அடைத்து நின்றவர் புகார்தாரராக மாறி நிற்பார்.

கோபத்தில் டயர் காற்றைப் பிடுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நகர வேண்டிய வண்டியை நகரவிடாமல் செய்துவிட்டு, அதன் பின்னால் நாமும் நிற்போம்.

போலீஸ்: வாசலுக்கு வெளியே, உள்ளே

இந்த ஒரு கோட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-ஆம் பிரிவு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரப் பூட்டு போடவும் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது பொது இடத்தைப் பற்றி. நம் கேட்டுக்கு வெளியே தெருவில் ஒருவர் வாசலை அடைத்து நிறுத்தினால் அது போக்குவரத்துப் போலீஸின் வேலை. வாசலை அடைத்து நிறுத்தக் கூடாது என்பது 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே இருந்தது, அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளிலும் இருக்கிறது. கூப்பிட்டால் வருகிறார்கள், அபராதம் விழும், வண்டி இழுக்கப்படும்.

கேட்டுக்கு உள்ளே என்றால், "அது பிரைவேட் இடம்மா, நாங்க எப்படி டோ பண்றது?" என்பார்கள். அதற்காகக் கூப்பிடாமல் இருக்க வேண்டாம். 112-இலோ உள்ளூர் ஸ்டேஷனிலோ வண்டி எண்ணைச் சொல்லி, "ஓனருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். நமக்குத் தெரியாத உரிமையாளர் விவரம் அவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து வரும் அழைப்புக்கு எப்பேர்ப்பட்டவரும் இறங்கி வந்துவிடுவார். என் அனுபவத்தில் உரிமையாளர் யாரென்றே தெரியாதபோது மிக வேகமான வழி இதுதான்.

வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அடைக்கிறவர் மேல் புகார் எழுதிக் கொடுக்கவும் இடம் உண்டு. ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் பெறும் குற்றம். ஆனால் அந்தப் பிரிவு மனிதரைத் தடுப்பதைப் பேசுகிறது. வண்டி மட்டும் மாட்டிக்கொண்டு ஆள் நடந்து போக முடிந்தால் அது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். தேதி போட்ட படங்கள், சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சங்கமே சக்கரப் பூட்டு வாங்கிப் போடலாம் என்று எங்கள் கூட்டத்தில் பலத்த ஆதரவு இருந்தது. நான் எதிர்த்தேன். சட்டம் பூட்டுகிற அதிகாரத்தைக் கொடுத்திருப்பது போலீஸுக்கு. நாம் பூட்டினால், 'என்னைப் போகவிடவில்லை' என்று அதே 126-ஐ அவர் நம் மேல் திருப்பலாம். தவிர, பூட்டிய வண்டி எங்கே நிற்கும்? நம்மை மறித்துக்கொண்டு அங்கேயேதான்.

"இந்த இடத்தை பில்டர்கிட்ட காசு கொடுத்து வாங்கினேன், எப்படி வேணா நிறுத்துவேன்" என்கிறவருக்கும் பதில் உண்டு. ஸ்டில்ட்டையும் திறந்தவெளிப் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2016-இன் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொது இடங்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

இப்போது எங்கள் வாசலில் விருந்தாளி நோட்டில் மூன்று கட்டம் இருக்கிறது: வண்டி எண், போகும் வீடு, போன் நம்பர். இரவு தங்குகிற வண்டிக்கு மூன்றும் எழுதாமல் கேட் திறக்காது. போன மாதம் நான்காவது மாடிக்குக் குடிவந்த தம்பி மின்சார கார் வைத்திருக்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒன்றன்பின் ஒன்று இடங்களில் வெளிப்பக்கம். சாயங்காலம் இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்த்தோம். அணைத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, மாற்றுச் சாவியோ சொந்த ஊரில். "அப்ப நான் உள்ளே நிறுத்திக்கிறேன் அக்கா" என்றார். அவர் கார் சுவரோரம் போனது. அதை மறித்து நிற்கும் பழைய கியர் வண்டியின் சாவி வாசலறைப் பெட்டியில் தொங்குகிறது.