பேலியோ, சிறுதானியம், பதினாறு மணி நேர விரதம், வீட்டுச் சாப்பாடு: ஆறாவது மாதத்தில் எது மிஞ்சும்?

முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். 2015-2020-க்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான் என்ற பழைய உச்சவரம்பைக் கைவிட்டது. முழு முட்டை தட்டுக்குத் திரும்பியது. தேங்காய் எண்ணெய் வில்லனாக இருந்து ஹீரோ ஆகி, இப்போது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து இரண்டுமாக இருக்கிறது. அரிசியே விஷம் என்று யூடியூபில் ஒரு டாக்டர், கைக்குத்தல் அரிசிதான் மருந்து என்று அடுத்த வீடியோவில் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுநாள் காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றத்தான் வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வீடுகளில் இப்போது உண்மையாகப் போட்டியில் இருப்பவை நான்கு: பேலியோ, சிறுதானியம், பதினாறு மணி நேர விரதம், அப்புறம் எந்தப் பெயரும் இல்லாத, அளவு குறைத்த வீட்டுச் சாப்பாடு. முதல் மாதத்தில் நான்குமே வேலை செய்யும். அதனால் முதல் மாதக் கதைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆறாவது மாதம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இதை வைத்து ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2018-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைக் கொழுப்பையும் மீதிப் பேரை மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு குழுவுக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் இறங்கியவரும் உண்டு, எடை ஏறிப்போனவரும் உண்டு. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொன்னது ஒன்று: சர்க்கரையையும் மைதா வகைகளையும் விடுங்கள், காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். எந்த டயட் ஜெயித்தது என்ற சண்டையில் இந்தப் பொதுவான பகுதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, பேலியோவிலிருந்து ஆரம்பிப்போம். பத்து வருடத்துக்கு முன் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகத் தமிழில் பரவியது இது. தானியம் கிடையாது, பருப்பு பயறு கிடையாது, சர்க்கரை கிடையாது. முட்டை, கறி, மீன், பனீர், நெய், வெண்ணெய் போட்ட டீ, அந்தப் புகழ்பெற்ற நூறு பாதாம். இதன் நல்ல பக்கத்தை மறுக்கக் கூடாது. சர்க்கரை ஏறுவதற்குக் காரணமான சோறும் இனிப்பும் தட்டிலிருந்து போய்விட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கத்தான் செய்யும், சீக்கிரமாகவே இறங்கும். கறியும் முட்டையும் வயிற்றில் நிற்பதால் பசியும் அதிகம் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் பேன்ட் லூசான பலரை எனக்கே தெரியும்.

ஆனால் நூறு பாதாமை எடுத்துத் தராசில் வையுங்கள். சுமார் 120 கிராம் வரும், எழுநூறு கலோரி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைச் சாப்பிட்டால் சரி. ஆறாவது மாதம் பேலியோ தளர்ந்து, சோறு பாதி திரும்பி வந்து, பாதாமும் நெய்யும் மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டால் கணக்கு மறுபக்கம் ஓட ஆரம்பிக்கும். பாதிப் பேலியோ முழுப் பேலியோவைவிட மோசம் என்று அதைப் பின்பற்றுகிறவர்களே சொல்வார்கள். சிலருக்கு கெட்ட கொலஸ்ட்ரால் கணிசமாக ஏறுகிறது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுவது சரியில்லை.

இன்னொரு விஷயம், யாரும் ஒப்பிடாதது: சமையலறை. காலிஃபிளவரைத் துருவி, வேகவைத்து, தண்ணீர் போகப் பிழிந்து, சோறு மாதிரி ஆக்கி ஒருவருக்கு வைக்க வேண்டும். அதே நேரம் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சோறு, சாம்பார், பொரியல். ஒரு வீட்டில் தினம் இரண்டு சமையல். எடை குறைந்த படத்தைப் போடுகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். காலிஃபிளவர் துருவியவர் படத்தில் இருக்க மாட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் பேலியோவும் படுத்துவிடும். அப்புறம் கல்யாணப் பந்தி. “சாதம் வேணாம்ங்க, பொரியல் மட்டும் வைங்க” என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து சமாளிப்பது ஒருநாள் முடியும். முகூர்த்த மாதத்தில் நாலு முறை முடியாது.

சிறுதானியத்துக்கு வருவோம். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் இதற்கு அரசு ஆதரவும் சேர்ந்துகொண்டது. சத்து விஷயத்தில் இது உண்மையாகவே பலசாலி. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் பத்தைத் தாண்டாது. தினையில் புரதமும் அரிசியைவிடக் கூடுதல். பிள்ளைகளுக்குக் கேழ்வரகு அடை, கம்பங்கூழ் என்று வாரத்தில் சில நாள் வந்தால் நல்லதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நினைப்பில். நூறு கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320. அவ்வளவுதான் இடைவெளி. வரகரிசிப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் கொட்டினால் அந்த இடைவெளியும் போய்விடும். கடையில் வாங்கும் சாமையும் வரகும் பளபளவென்று வெள்ளையாக இருந்தால் தவிட்டோடு நாரும் போய்விட்டது என்று அர்த்தம். கேழ்வரகை மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். சர்க்கரை நோயாளிகள் பலர் இதைத்தான் மருந்து என்று நினைத்துக் காலையில் குடிக்கிறார்கள். ‘மில்லட்’ என்று பெரிதாக அச்சடித்த பிஸ்கட் பாக்கெட்டுகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம்தான் கேழ்வரகு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் சர்க்கரை நோய் பற்றி நாடு முழுவதும் நடந்த ICMR-INDIAB ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையோ சிறுதானிய மாவோ வைத்தாலும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதிக்குப் பதில் புரதம் வந்தால் குறைகிறது. அரிசியா, சப்பாத்தியா, வரகா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் பட்டிமன்றத்துக்கு இது ஓரளவு தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

பதினாறு மணி நேர விரதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022-ல் வெளியான சீனாவின் குவாங்சோ ஆய்வில் 139 பேர் ஒரு வருடம் கலோரியைக் குறைத்தார்கள். பாதிப் பேர் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டார்கள், மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. எடை குறைந்ததில் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. விரதம் இருந்தால் செல்கள் தன்னைத்தானே சுத்தம் செய்யும், இதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. 2016-ல் நோபல் வாங்கிய ஜப்பானிய விஞ்ஞானி ஒசுமி அந்தக் கண்டுபிடிப்புகளைச் செய்தது ஈஸ்ட்டில், விரதம் இருந்த மனிதர்களிடம் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டா தின்னும் பழக்கம் உள்ளவருக்கு விரதம் நல்ல கடிவாளம், அதை ஒத்துக்கொள்கிறேன். காலையைக் கட்டிப்போட்டு மதியம் இரண்டு மணிக்கு மலைபோல் சோறு குவிப்பவருக்குப் பயனில்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதத்தையும் தொடக் கூடாது, பேலியோவையும் தொடக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ வாய்ப்புண்டு.

கடைசியாக வீட்டுச் சாப்பாடு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் சும்மா போடவில்லை. “வீட்டுச் சாப்பாடுதான், அளவாத்தான் சாப்பிடுறேன்” என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அதே ஊரில்தான் சர்க்கரை நோயும் இப்படிப் பெருகிக் கிடக்கிறது. காரணத்தை மதியத் தட்டிலேயே பார்க்கலாம். குழம்புக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் 150 கிராம் என்று வைத்தாலும் சோறு மட்டும் அறுநூறு கலோரி. தட்டின் ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல். சாம்பாரில் பருப்பு? நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் துவரம்பருப்பு வேகவைக்கும் வீடு தாராளமான வீடு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டு ஒன்று இருக்கிறது. நாள் முழுவதற்கும் தானியம் 250 கிராம், இட்லி தோசை உட்பட, சமைக்காத எடையில். பருப்பு பயறு 85 கிராம். கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம். நம் தட்டை இதன் பக்கத்தில் வைத்தால் சோறு கூடுதல், பருப்பு பாதிக்கும் குறைவு, காய் கால்வாசி. ஆக, எந்த உணவையும் ஒதுக்க வேண்டாம், விகிதத்தை மாற்றினால் போதும்.

அதைச் செய்ய எனக்குத் தெரிந்த எளிய வழி: சோறு ஒரே முறை, குழம்போடு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடுவது. கூட்டைக் கிண்ணத்தில் போட்டு முழுசாகச் சாப்பிடுவது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். பரிமாறுவது மட்டும் மாறுகிறது. சாயங்காலம் முறுக்குக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். நாளைக்கு நாலு டீ, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 40 கிராம் பக்கம் போகிறது. 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டீயை விட வேண்டாம், ஸ்பூனைக் குறைத்தால் போதும்.

இதன் பலவீனங்களும் தெரிந்தவைதான். எடை மெதுவாகத்தான் இறங்கும். முகநூலில் போட முன்-பின் படம் கிடைக்காது. கட்டுப்பாடான விதி வேண்டும், இல்லாவிட்டால் கை நிற்காது என்கிறவர்களுக்கு இது ரொம்பத் தளர்வு; அவர்கள் விரதத்தின் நேரக் கணக்கை இதோடு சேர்த்துக்கொண்டால் தப்பில்லை. ஆனால் தீபாவளி வந்தால் இது உடையாது. இரண்டு அதிரசம் தின்றுவிட்டு மறுநாள் அதே தட்டுக்கு வரலாம். பேலியோவில் அந்த இரண்டு அதிரசத்தோடு பலருக்கு எல்லாமே முடிந்துவிடுகிறது.

செலவையும் ஒரு கை பார்த்துவிடலாம். பாதாம் கிலோ எண்ணூறு, ஆயிரம் என்று விற்கிறது. ஒருவருக்கு நாளைக்கு நூறு ரூபாய் அதிலேயே போகும். தீட்டாத சிறுதானியம் அரிசியைவிடக் கூடுதல் விலை. விரதத்துக்குச் செலவில்லை. வீட்டுச் சாப்பாட்டில் ரேஷன் அரிசி இலவசம், ஆனால் காய்தான் இடிக்கும். நாலு பேருக்கு 400 கிராம் வீதம் நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பீன்ஸும் கேரட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, பக்கத்து வீட்டு முருங்கைக்கீரை என்று போனால் பட்ஜெட்டுக்குள் வரும். முருங்கைக்கீரை ஆய ஆள் வேண்டும், அந்த வேலையைச் சோற்றைக் குறைக்கிறவரே எடுத்துக்கொள்ளலாம்.